கடந்த ஒரு வருடத்தில் பார்த்த அனிமே தொடர்கள்: வரிசையும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும்

அனிமே என்றால் ஜப்பானிய அனிமேஷன் தொடர்கள். "இந்த வருஷம் எது டாப்?" என்று கேட்டு வாட்சாப்பில் வரும் குரல்பதிவுகளுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுவது நல்லது என்று பட்டது. கேள்விகள் பெரும்பாலும் என் அத்தை பிள்ளைகளும், வேலையிடத் தோழிகளும், ஞாயிறு இரவு செந்தூல் மாமாக் கடையில் தே தாரிக்கோடு உட்காரும் கூட்டமும் கேட்டவை. இரண்டு மூன்று கேள்விகள் அம்மாவுடையவை. எந்தக் கதையின் முடிவையும் சொல்லவில்லை. கொஞ்சம் கதை தெரிந்துவிடும் இடத்தில் முன்பே எச்சரித்திருக்கிறேன்.

முதலில் வரிசையைச் சொல்லுங்க அக்கா, மத்ததெல்லாம் அப்புறம்.

சரி. முதலிடம் ஆர்ப். இரண்டாவது ஃப்ரீரன். மூன்றாவது மெடலிஸ்ட். நான்காவது அபோதிகரி டைரீஸ், இரண்டு சீசனும் சேர்த்து. ஐந்தாவது தி சம்மர் ஹிகாரு டைட். ஆறாவது டகோபி. ஏழாவது டண்டடன். எட்டாவது கைஜு நம்பர் 8. ஒன்பதாவது, அதாவது கடைசி, சோலோ லெவலிங். பாதியில் நிறுத்தியவற்றை வரிசையில் சேர்க்கவில்லை, முழுதாகப் பார்க்காத ஒன்றுக்கு இடம் கொடுப்பது நியாயமில்லை.

இதில் சிலது 2023இல் வந்தது, சிலது 2024இல் வந்தது. "கடந்த வருடம்" என்றால் என்ன கணக்கு?

நான் பார்த்த வருடம்தான் கணக்கு, வெளிவந்த வருடம் இல்லை. ஃப்ரீரன் முதல் சீசன் 2023 செப்டம்பரில் தொடங்கி 2024 மார்ச்சில் முடிந்தது. வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் வாராவாரம் ஜப்பானோடு சேர்ந்து ஓட முடியாது. முடிந்த தொடரை மொத்தமாகப் பார்ப்பதில் ஒரு லாபமும் இருக்கிறது: எந்த எபிசோடு இழுவை, எது உண்மையிலேயே தேவையான நிதானம் என்பது தெளிவாகத் தெரிந்துவிடும்.

எதை வைத்து வரிசைப்படுத்தினீர்கள்? படம் வரைந்த அழகா, கதையா, சண்டையா?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். இந்த வருடம் பார்த்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது: நான்கிலும் யாரோ ஒருவர் எதையோ உயிராகக் கற்கிறார். ஒருவர் வானத்தை, ஒருவர் மந்திரத்தை, ஒருவர் பனிச்சறுக்கை, ஒருவர் மருந்தையும் நஞ்சையும். கற்பதைக் கதை ஒரு சாக்காக வைத்துக்கொள்ளாமல், எப்படிக் கற்கிறார், எங்கே தடுக்கி விழுகிறார், யாரிடம் கேட்கிறார், தெரிந்துகொண்ட பிறகு அவருக்குள் என்ன மாறுகிறது என்பதையெல்லாம் பொறுமையாகக் காட்டுகிறது. அந்தப் பொறுமை இருந்தால் நான் மேலே வைக்கிறேன், இல்லாவிட்டால் அனிமேஷன் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் கீழே போகும். இப்போது எல்லா ஸ்டூடியோவும் நன்றாகவே வரைகிறார்கள், அழகை மட்டும் வைத்துத் தரம் பிரிக்கவே முடியாது.

ஆர்ப் என்ற பெயரையே நாங்கள் கேள்விப்பட்டதில்லை. அது எப்படி முதலிடம்?

முழுப்பெயர் ஆர்ப்: ஆன் தி மூவ்மெண்ட்ஸ் ஆஃப் தி எர்த். உஓட்டோ என்பவர் வரைந்த மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை, 2022இல் தெசுகா ஒசாமு கலாச்சார விருதின் பெரும் பரிசு வாங்கியது. மேட்ஹவுஸ் ஸ்டூடியோ அதை 25 எபிசோடுகளாக எடுத்து, 2024 அக்டோபரிலிருந்து 2025 மார்ச் வரை வந்தது. நெட்பிளிக்ஸில் இருக்கிறது. நம் கூட்டத்தில் பேச்சே இல்லாமல் போனதற்குக் காரணம் புரிகிறது: பதினைந்தாம் நூற்றாண்டு ஐரோப்பா, துறவிகள், நட்சத்திரக் கணக்கு, சித்திரவதை அறை. பாக்கெட்டில் போட்டுக்கொள்ளும் பொம்மையாகச் செய்து விற்க ஒரு பாத்திரம்கூட இல்லை.

இனி வருவதில் கொஞ்சம் கதை தெரிந்துவிடும், வேண்டாதவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள். ரஃபால் என்ற 12 வயதுப் பையன், வகுப்பில் முதல் மாணவன், எல்லோரும் எதிர்பார்த்தபடி இறையியல் படிக்கப் போகிறவன். வாழ்க்கையில் எங்கே எப்படி நடந்துகொண்டால் வெற்றி என்று நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறான். நம் பக்கத்தில் எஸ்பிஎம்மில் எல்லாப் பாடத்திலும் ஏ வாங்கி, சொந்தக்காரர்களின் வாய்க்கு ஏற்ற படிப்பாக எடுக்கிற பிள்ளையைப் போல. அவனிடம் ஒரு மனிதர் வந்து, பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்ற எண்ணத்தைக் கொடுக்கிறார். அந்த எண்ணத்துக்காக ஆட்களை எரிக்கிற காலம். பையனுக்கு அது தப்பு என்று தெரியும், ஆபத்து என்று தெரியும், ஆனால் அழகாக இருக்கிறதே! அந்த ஒரு காரணத்தால் அவன் ராத்திரி தூங்க முடியாமல் கணக்குப் போடுகிறான். மூன்றாவது எபிசோடில் நடப்பதை நான் சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு கதை காலம் தாண்டி, வேறு ஆட்களிடம் போகிறது என்பது வரை சொல்கிறேன். ஆராய்ச்சிதான் கதாநாயகன், அதை மனிதர்கள் கைமாற்றிக்கொண்டே போகிறார்கள்.

எனக்கு நெஞ்சில் நின்றது பியாஸ்ட் பிரபு வரும் பகுதி. பூமிதான் நடுவில் இருக்கிறது என்பதை நிரூபிக்கவே வாழ்நாள் முழுவதும் கணக்குப் போட்ட கிழவர் அவர். எதிராளி என்று வந்து நிற்பவர்களிடம், வெள்ளிக் கிரகம் முழு வட்டமாகத் தெரிந்தால் என் கணக்கு தவறு என்று தானே சொல்கிறார். சொல்லிவிட்டு, கூர்மையான கண் உள்ளவனை விட்டுப் பார்க்கச் சொல்கிறார். தோற்கக்கூடிய கேள்வியைத் தானே எடுத்துக் கொடுக்கிற அந்த நேர்மையை நான் எந்தச் சண்டைத் தொடரிலும் பார்த்ததில்லை. வில்லனைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நோவாக் என்ற விசாரணை அதிகாரி, வீட்டில் மகளிடம் பாசமான அப்பா. சித்திரவதை அவருக்கு அலுவலக வேலை. குரல் கொடுத்திருப்பவர் கென்ஜிரோ சுடா. அலுத்துப்போன குமாஸ்தா பேசுவதுபோல அவர் பேசுவதைக் கேட்கும்போதுதான் பயம் வருகிறது.

நகம் பிடுங்குகிற காட்சிகள் உண்டு. சாப்பிடும்போது போடாதீர்கள்.

அது உண்மையில் நடந்ததா?

இல்லை, கற்பனை. நாட்டுக்கும் மதத்துக்கும் கதையில் வெறும் ஆங்கில எழுத்துதான் பெயர். கோப்பர்நிக்கஸ் தன் நூலை 1543இல், தான் இறந்த வருடத்தில் வெளியிட்டார், அவரை யாரும் எரிக்கவில்லை. திருச்சபை அந்த நூலை நிறுத்தி வைத்தது 1616இல்தான். வெள்ளியின் வளர்பிறை தேய்பிறையைத் தொலைநோக்கியில் கண்டது கலிலியோ, அது 1610ஐ ஒட்டிய காலம், வெறும் கண்ணுக்கு அது சாதாரணமாகப் பிடிபடாது. இதெல்லாம் தெரிந்தே பார்த்தால் தொடர் குறைந்துவிடுமா என்றால், எனக்குக் குறையவில்லை, கடைசிப் பகுதி இந்த வரலாற்றுக் கேள்வியையே தொட்டுப் பேசுகிறது. ஆனால் பள்ளிக் கட்டுரைக்கு இதை ஆதாரமாக எடுக்காதீர்கள் தம்பிகளே.

ஃப்ரீரன் ரொம்ப மெதுவாகப் போகிறது, மூன்று எபிசோடில் தூங்கிவிட்டேன். ஏன் எல்லோரும் இப்படிக் கொண்டாடுகிறார்கள்?

மெதுவாகத்தான் போகும், அது அந்தக் கதையின் உடம்பிலேயே இருக்கிறது. ஃப்ரீரன், ஆயிரம் வருடத்துக்கு மேல் வாழ்ந்த எல்ஃப் என்ற நீண்ட ஆயுள் இனத்துப் பெண், மூன்று தோழர்களோடு பத்து வருடம் பயணம் செய்து அசுர ராஜாவைக் கொன்று திரும்புகிறாள். மற்ற தொடர்கள் முடிகிற இடம் அது, இது அங்கே தொடங்குகிறது. அவளுக்குப் பத்து வருடம் ஒன்றுமே இல்லை, ஐம்பது வருடம் கழித்து எரிகல் மழை பார்க்கலாம் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறாள். திரும்பி வரும்போது அந்தத் தோழர்களில் ஒருவனான ஹிம்மல் தாத்தாவாகிவிட்டான், சீக்கிரமே இறந்தும் போகிறான். கல்லறைப் பக்கத்தில் நின்று, இவனைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாதே என்று அழுகிறாள். பிறகு மனிதர்களைத் தெரிந்துகொள்வதற்காக மறுபடி ஒரு பயணம். அவசரமாகச் சொன்னால் அந்த ஐம்பது வருடம் நமக்குப் படாது.

இவள் மந்திரம் சேர்க்கிற விதம்தான் என் இரண்டாம் இடத்துக்குக் காரணம். உலகத்தைக் காப்பாற்றிய ஆள், ஆனால் ஒரு கிராமத்தில் வாரக்கணக்கில் வேலை செய்துவிட்டுக் கூலியாகக் கேட்பது, இனிப்பான திராட்சையைப் புளிப்பாக்கும் மந்திரம் மாதிரி அற்பமான சங்கதிகள். யாருக்கும் உபயோகமில்லை என்று அவளுடைய மாணவி ஃபெர்ன் முகம் சுளிப்பாள். ஆனால் ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் யாரோ ஒருவரின் விருப்பம் இருக்கிறது, அதைத் தெரிந்துகொள்ளும்போது இறந்துபோனவர்களும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய வருகிறார்கள்.

மூன்றாம் எபிசோடில் தூங்கிவிட்டேன் என்று சொல்கிறீர்கள், தயவுசெய்து அதையே திரும்பப் பாருங்கள். எண்பது வருடம் முத்திரையிட்டு அடைத்து வைத்திருந்த அசுரன் வெளியே வருகிறான். அந்தக் காலத்தில் எவராலும் தடுக்க முடியாத கொலை மந்திரத்தைக் கண்டுபிடித்தவன். வந்து அதே மந்திரத்தை வீசுகிறான், சின்னப்பெண் ஃபெர்ன் சாதாரணமாகத் தடுத்துவிடுகிறாள். அந்த எண்பது வருடத்தில் மனிதர்கள் அதை உட்கார்ந்து ஆராய்ந்து, தற்காப்பு கண்டுபிடித்து, மாணவர்களுக்குப் பாடமாக்கி, கடைசியில் அதற்குச் சாதாரணத் தாக்குதல் மந்திரம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு தலைமுறை பயந்து செத்த ஒன்று அடுத்த தலைமுறைக்கு வீட்டுப்பாடம். அறிவு எப்படிப் பெருகுகிறது என்று இதைவிடச் சுருக்கமாக யாரும் காட்டியதில்லை என்று நினைக்கிறேன்.

அப்படியானால் ஏன் அது முதலிடம் இல்லை?

பின்பாதியில் வரும் முதல்நிலை மந்திரவாதித் தேர்வு. நன்றாகத்தான் இருக்கிறது, சண்டைகள் பிரமாதம், இசையமைப்பாளர் எவன் கால் (Evan Call) கொடுத்த இசையும் உச்சத்தில் இருக்கிறது. ஆனால் புதுப் பாத்திரங்கள் கூட்டமாக வந்து இறங்குகிறார்கள், கல்லறைப் பக்கம் நின்று அழுத அந்தத் தொடர் கொஞ்ச நேரம் வேறு தொடராகிவிடுகிறது. இரண்டாம் சீசன் 2026 ஜனவரியில் தொடங்கியது, அது அடுத்த வருட வரிசைக்கு.

மெடலிஸ்டா? நம் ஊர் வெயிலுக்கும் பனிச்சறுக்குக்கும் என்ன சம்பந்தம்?

சன்வே பிரமிட் பேரங்காடியில் பனிச்சறுக்கு மைதானம் இருக்கிறதே! ஆனால் சறுக்கு ஒன்றுமே தெரியாமல் பார்க்கலாம், எனக்கும் தெரியாது, தொடரே சொல்லிக்கொடுக்கிறது. இனோரி என்ற ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை. படிப்பு வராது, பேச்சு வராது, பள்ளியில் எல்லாவற்றிலும் பின்தங்கியவள். ஒளிந்து ஒளிந்து தானாகச் சறுக்கப் பழகியிருக்கிறாள். அக்கா முன்பு சறுக்கி அடிபட்டு விட்டுவிட்டதால் அம்மாவுக்கு இந்தப் பிள்ளையை விட மனமில்லை, உனக்கு இது வராது என்று அன்பாகவே சொல்கிறார். அந்த அன்பான தடை நம் வீடுகளுக்கு நன்றாகத் தெரிந்தது, அதனால்தான் முதல் எபிசோடிலேயே எனக்குக் கண் கலங்கியது. பயிற்சியாளர் ட்சுகாசா, தாமதமாகத் தொடங்கியதால் தான் ஆசைப்பட்ட இடத்துக்குப் போக முடியாத ஆள். அவர் அந்தப் பிள்ளையை நம்புகிற விதம் வெறும் உற்சாகப் பேச்சு இல்லை, அவளுக்கு என்ன வருகிறது, எது வரவில்லை என்று கவனித்துப் பார்த்துப் பார்த்து நம்புகிறார்.

சறுக்கு நடனங்களை அமைத்தது ஒலிம்பிக்கில் ஆடிய அகிகோ சுசுகி. அது தெரிகிறது, குதிக்கும் முன் உடம்பு எப்படித் தயாராகிறது என்பதுகூடத் தெரிகிறது. கம்ப்யூட்டர் அனிமேஷன் சில இடங்களில் விறைப்பாக இருக்கிறது, மூன்றாவதாக நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். முதல் சீசன் 13 எபிசோடுதான். தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருப்பவர்கள் கட்டாயம் பாருங்கள்.

அபோதிகரி டைரீஸ் அம்மாவோடு உட்கார்ந்து பார்க்கலாமா?

நான் பார்த்தேன், அம்மா என்னைவிட வேகமாக முடித்தார். அந்தப்புரமும் தாசிகள் வீதியும் வருவதால் சில பேச்சுகள் சங்கடமாக இருக்கும், ஆனால் காட்சிகள் அடக்கமானவை. படிவம் ஒன்று, இரண்டு படிக்கிற பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் நீங்களும் கூட இருங்கள்.

மாவோமாவ் என்ற பெண், மருந்து தெரிந்தவர் வளர்த்தவள், கடத்தப்பட்டு அரண்மனை அந்தப்புரத்தில் வேலைக்காரியாக விற்கப்படுகிறாள். தலை குனிந்து கெடு முடிந்ததும் வெளியே போய்விடலாம் என்றுதான் இருக்கிறாள். ஆனால் ராஜாவின் குழந்தைகள் ஒவ்வொன்றாக நோயில் விழுவதைப் பார்த்துவிட்டு அவளால் சும்மா இருக்க முடியவில்லை. காரணம் முகத்துக்குப் பூசும் வெள்ளைப் பொடி. அதில் இருப்பது ஈயம். பழைய காலத்தில் பல நாடுகளில் முகப்பூச்சுக்கு ஈயவெள்ளை பயன்பட்டது உண்மையே, ஈயம் குழந்தைகளை அதிகம் தாக்கும் என்பதும் உண்மை. ஒரு துணியில் எச்சரிக்கை எழுதி, பூங்கிளையில் கட்டி ஜன்னலில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். தெரிந்தவள் சும்மா இருக்கக் கூடாது என்ற ஒரே உறுத்தல்தான், பெயர் வாங்கும் ஆசை அவளுக்கு இல்லை.

அம்மாவுக்குப் பிடித்தது இந்த மாதிரி இடங்கள்தான். உப்பின் ருசி தெரியாமல் போன ஒருவர் குடித்த மதுவில் உப்பு அளவு மீறிப்போய் இறந்த வழக்கு வந்தபோது, அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று அம்மா சத்தமாகச் சொன்னார். அதற்கப்புறம் வசம்பு எவ்வளவு உரைக்கலாம், பாட்டி எப்படி உரைப்பார் என்று ஒரு மணி நேரம் பேச்சு. மாவுத்தூள் காற்றில் பரவி நெருப்புப் பட்டால் வெடிக்கும் என்பதையும் ஒரு கதையில் செய்தே காட்டுகிறாள், அதுவும் உண்மையான அறிவியல், மாவு ஆலைகளில் நடக்கக்கூடியது.

நான்காவது இடம் ஏன் என்றால், இரண்டாம் சீசனின் அரண்மனைச் சதி பெரிதாகப் பெரிதாக மருந்துப் பெட்டி பின்னால் போய்விடுகிறது. அந்தப்புரத்தைக் கவனிக்கும் அதிகாரி ஜின்ஷி அழகாகப் பெருமூச்சு விடும் காட்சிகளைப் பாதியாகக் குறைத்திருக்கலாம். இதைச் சொன்னால் என் தோழிகள் கோபப்படுகிறார்கள். ஆனால் கதை மாவோமாவுடையது, அவள் எதையாவது முகர்ந்து பார்க்கும்போதுதான் அது உயிரோடு இருக்கிறது.

ஹிகாரு பேய்க்கதையா? ராத்திரி தனியாகப் பார்க்கலாமா?

பேய்க்கதைதான், ஆனால் திடுக்கிட வைப்பதைவிட மனதை அரிப்பது அதிகம். மலையில் காணாமல் போன நண்பன் திரும்பி வருகிறான். இவன் அந்த ஹிகாரு இல்லை என்று அவனுடைய தோழன் யோஷிகிக்குத் தெரியும். முதல் எபிசோடிலேயே முகத்துக்கு நேராகக் கேட்டும்விடுகிறான். தெரிந்த பிறகும் விட முடியவில்லை, அங்கேதான் கதை. முதல் நான்கிலும் தெரிந்துகொள்வது விடுதலை, இதில் தெரிந்துகொண்டதுதான் சுமை. சிள்வண்டுச் சத்தத்தை இவ்வளவு பயங்கரமாகப் பயன்படுத்திய தொடர் வேறில்லை, எல்ஆர்டி ரயிலில் பார்க்காதீர்கள், வீட்டில் ஹெட்போன் போட்டுப் பாருங்கள். 2025 ஜூலையில் தொடங்கிய 12 எபிசோடு, நெட்பிளிக்ஸில்.

டகோபி கார்ட்டூன் மாதிரி அழகாக இருக்கிறது. பிள்ளைகளுக்குப் போட்டுவிடலாமா?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். ரோஸ் நிறத்தில் குட்டி ஆக்டோபஸ் மாதிரி ஒரு உருவம், மகிழ்ச்சிக் கிரகத்திலிருந்து வந்தது, பையில் விதவிதமான கருவிகள், துன்பப்படும் சிறுமிக்கு உதவ நினைக்கிறது. என்டிவி7இல் மலாய் பேசிய டோரேமோன் பார்த்து வளர்ந்த நமக்கு உடனே பழகிவிடும். ஆனால் உள்ளே இருப்பது பள்ளியில் வதைபடுதல், வீட்டில் அடி, தற்கொலை. ஆறே எபிசோடு, 2025 ஜூனில் தொடங்கியது. டகோபிக்கு மனிதர்களின் துயரம் புரியவே புரியாது, எல்லோரும் பேசினால் சரியாகிவிடும் என்று நம்புகிறது. நல்ல மனது மட்டும் இருந்து, எதிரில் இருப்பவரைத் தெரிந்துகொள்ளாமல் உதவப் போனால் என்ன ஆகும் என்பதை இவ்வளவு வலியோடு நான் பார்த்ததில்லை. பெரியவர்கள் பாருங்கள், மனம் சரியில்லாத நாளில் வேண்டாம். ஆறாம் இடத்தில் இருப்பதற்குக் காரணம் கடைசி எபிசோடு, அவ்வளவு கனத்தை இறக்கி வைக்க அதற்கு இன்னும் நேரம் வேண்டியிருந்தது.

டண்டடன் ஏழாவதா? அநியாயம் அக்கா!

ஏழாவது என்றால் மோசம் என்று அர்த்தமில்லை. பேயை நம்புகிற, வேற்றுக்கிரகவாசியை நம்பாத பெண். அதற்கு நேர்மாறாக ஒரு பையன். இருவரும் ஒருவரை ஒருவர் பொய்யாக்கப் போய் இரண்டுமே உண்மை என்று மாட்டிக்கொள்கிறார்கள். சயன்ஸ் சாரு ஸ்டூடியோவின் அனிமேஷன் இந்த ஒன்பதிலும் முதல் தரம், சந்தேகமே இல்லை. ஏழாவது எபிசோடில் ஒரு பேயின் பழைய வாழ்க்கை வரும், அந்தத் தாயின் கதையை மட்டும் தனியாக எடுத்தால் என் முதலிடத்துக்கே போட்டி போடும்.

எனக்கு ஒப்பாதது வேறு. முதல் எபிசோடிலேயே பெண்ணை உள்ளாடையோடு கட்டி வைத்து மிரட்டும் காட்சி, முதல் சீசன் முடியும் இடத்தில் வெந்நீர்க் குளத்தில் அதே மாதிரி இன்னொன்று. கதைக்கு அது வேண்டவே வேண்டாம். என் அக்கா மகளுக்குப் பரிந்துரைக்கலாம் என்று நினைக்கும்போதெல்லாம் அந்த இரண்டு காட்சியும் கையைப் பிடித்து நிறுத்துகின்றன.

கைஜு நம்பர் 8 பற்றி ஏன் ஒன்றுமே பேசவில்லை?

தொடக்கம் அருமை. அரக்க மிருகங்களின் பிணங்களைக் கழுவித் துப்புரவு செய்யும் 32 வயது ஆள், காஃப்கா. அந்த வேலையில் கற்றதால் மிருகத்தின் உள்ளுறுப்பு எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியும், படைத் தேர்வில் அந்த அறிவுதான் கைகொடுக்கிறது. துப்புரவுத் தொழிலாளியின் அறிவை மதித்த தொடர் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். போகப்போக எல்லாம் குத்துச்சண்டை பலமாகிவிட்டது.

சோலோ லெவலிங் கடைசியா? அது விருதெல்லாம் வாங்கியது.

வாங்கியது, 2025இல் அனிமே தளமான க்ரஞ்சிரோல் தரும் விருதுகளில் ஆண்டின் சிறந்த அனிமே. என் அத்தை மகன் இதற்காக என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. சவானோ ஹிரோயுகியின் இசையும், இரண்டாம் சீசனில் ஜேஜு தீவு எறும்புச் சண்டையும் பெரிய திரையில் பார்க்க வேண்டியவை, அதில் எனக்கு மறுப்பு இல்லை. முதல் இரண்டு எபிசோடில் அந்தச் சிலைகள் இருக்கும் கோயிலில், அரக்கர்களை வேட்டையாடும் ஆட்களில் மிகவும் பலவீனமான கதாநாயகன் ஜின்வூ சிலைகளின் விதிகளைக் கவனித்து யோசித்துத் தப்பிக்கிற இடம் எனக்கு மிகவும் பிடித்தது. அதற்குப் பிறகு அவனுக்கு யோசிக்கத் தேவையே வருவதில்லை. எண் ஏறுகிறது, பலம் வருகிறது, எதிரி விழுகிறான். பக்கத்தில் இருப்பவர்கள் எல்லோரும் வாய் பிளந்து பார்ப்பதற்காகவே நிற்கிறார்கள். வேலை முடிந்து களைத்து வந்து பார்க்க நல்லது, நானும் அப்படித்தான் இரண்டு சீசனையும் முடித்தேன். ஆனால் என் அளவுகோலுக்கு நேர் எதிரில் நிற்கிற தொடர் இது, வேறு எங்கே வைப்பேன்?

டெமன் ஸ்லேயர் இன்ஃபினிட்டி காசில் எங்கே?

அது திரைப்படம். இங்கே தொடர்கள் மட்டும்.

இதெல்லாம் எங்கே பார்ப்பது? எல்லாவற்றுக்கும் மாதம் மாதம் ரிங்கிட் கட்ட முடியாது.

கட்ட வேண்டாம். மியூஸ் ஏசியா, அனி-ஒன் ஏசியா என்ற இரண்டு யூடியூப் சேனல்களும் நம் வட்டாரத்துக்கு உரிமம் வாங்கி முறைப்படி போடுகிறார்கள், பல தொடர்கள் விளம்பரத்தோடு இலவசம். உரிமம் முடிந்ததும் சில தொடர்கள் காணாமல் போகும், அதனால் கண்ணில் பட்டால் தள்ளிப்போடாதீர்கள். நெட்பிளிக்ஸ் வீட்டில் ஏற்கெனவே இருந்தால் ஆர்ப், ஹிகாரு இரண்டும் அதிலேயே இருக்கின்றன. எல்லாத் தளத்துக்கும் ஒரே சமயத்தில் கட்டாமல், ஒரு மாதம் ஒன்று என்று மாற்றி மாற்றி எடுங்கள்.

திருட்டுத் தளங்களின் இணைப்பை என்னிடம் கேட்காதீர்கள். காசு விஷயம் ஒரு பக்கம், அங்கே சப்டைட்டில் மோசமாக இருக்கும், ஆர்ப் மாதிரிப் பேச்சே உயிரான தொடரை அதில் பார்த்தால் பாதி போய்விடும்.

ஜப்பானிய மொழியிலா, டப்பிங்கிலா? தமிழில் இருக்கிறதா?

நான் ஜப்பானிய ஒலியோடு சப்டைட்டில் வைத்துத்தான் பார்க்கிறேன். காரணம் நடிப்பு: மாவோமாவுக்கு அவோய் யூகி, ஃப்ரீரனுக்கு தானெசாகி அட்சுமி கொடுக்கிற குரலில் சொல்லாமல் விடுவதுதான் அதிகம். சோலோ லெவலிங் போன்ற சிலவற்றுக்கு இந்திய ரசிகர்களுக்காகத் தமிழ்க் குரல் கொடுத்திருக்கிறார்கள், மலேசியாவில் உங்கள் கணக்கில் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அம்மா, பெரியம்மா மாதிரிச் சப்டைட்டில் வேகத்துக்கு வாசிக்க முடியாதவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே போகலாம். அபோதிகரி டைரீஸை எங்கள் வீட்டில் அப்படித்தான் பார்த்தோம், ஒரு எபிசோடுக்கு நாற்பது நிமிடம் ஆகும், அதனால் என்ன.

பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடலாமே?

போட மாட்டேன். 8.7க்கும் 8.5க்கும் என்ன வித்தியாசம் என்று என்னால் யாருக்கும் விளக்க முடியாது. இது அதைவிட மேலே, ஏனென்றால் இது, என்று காரணத்தோடு சொல்ல முடியும். அந்தக் காரணத்தோடு நீங்கள் சண்டை போடலாம், எண்ணோடு எப்படிச் சண்டை போடுவது?

மங்கா படித்துவிட்டுப் பார்க்க வேண்டுமா?

தேவையில்லை. பார்த்த பிறகு ஆசை வந்தால் கேஎல்சிசியில் கினோகுனியா புத்தகக் கடைக்குப் போங்கள், ஆங்கிலப் பதிப்புகள் கிடைக்கும். டிசம்பரில் காமிக் ஃபியஸ்டா என்ற அனிமே, காமிக்ஸ் விழா நடக்கும்போது உள்ளூர் ஓவியர்களின் மேசைகளையும் பாருங்கள், நம் பிள்ளைகள் வரைந்தவையும் அங்கே இருக்கும், வாங்குங்கள்.

நான் அனிமே பார்த்ததே இல்லை. ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.

முதலிடத்தில் இருப்பதால் ஆர்ப்பைச் சொல்வேன் என்று நினைப்பீர்கள், ஆனால் அதன் முதல் நிமிடங்களிலேயே ஆள் ஓடிவிடுவார். மருந்து, துப்பறிதல், சீரியல் பார்த்த பழக்கம் இருந்தால் அபோதிகரி டைரீஸில் தொடங்குங்கள். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் மெடலிஸ்ட், அந்தப் பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அப்பா மாதிரி எம்ஜிஆர் படமும் செய்தியும் தவிர வேறு பார்க்காதவர்களுக்கு ஃப்ரீரனின் முதல் நான்கு எபிசோடு. ஜப்பானிலும் அந்த நான்கையும் ஒரே இரவில் இரண்டு மணி நேரச் சிறப்பு நிகழ்ச்சியாகத்தான் ஒளிபரப்பினார்கள், அப்படியே ஒரே மூச்சில் போட்டுக்காட்டுங்கள். பிடித்திருந்தால் ஐந்தாவதை அவரே கேட்பார்.